ரெக்கார்டா, பென்டிரைவா? டர்பன் டிஜேக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் கல்யாண வரவேற்புக்குப் போகும் டிஜே, ஒரே ராத்திரியில் பழைய தமிழ்ப் பாட்டு, ஹவுஸ், அமாபியானோ, டர்பனிலேயே பிறந்த கோம் என்ற நடன இசை வகைகள் எல்லாவற்றையும் கோக்க வேண்டும். இந்த வேலைக்குப் பென்டிரைவில் ஓடும் டிஜிட்டல் பிளேயர்தான் தோது. ஆனால் அது கைக்கு வந்ததும் பலர் காதைவிடத் திரையை நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். மற்ற தவறுகளைவிட இதுதான் மிக்ஸைக் கெடுக்கிறது.

எழுபதுகளின் பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கலைஞர்கள் கூடி உட்கார்ந்து வாசித்தவை. பல்லவி முடிந்து சரணம் வரும்போது வேகம் இம்மியளவு ஏறும், இறங்கும். சாஃப்ட்வேரோ பெரும்பாலும் பாட்டு முழுக்க ஒரே வேகம் என்று எடுத்துக்கொண்டு தட்டுகளுக்குக் கோடு போடும். இரண்டு பாட்டுக்கும் திரை நிமிடத்துக்கு 112 தட்டு என்று காட்டும், வேகத்தைத் தானே பொருத்தும் சிங்க் பட்டனை அழுத்துவீர்கள், கொஞ்ச நேரத்தில் தபலாவும் கிக் டிரம்மும் முட்டிக்கொள்ளும். அங்கே சிங்கை அணைத்துவிட்டு பிளேயர் மேலுள்ள ஜாக் வீல் என்ற வட்டச் சக்கரத்தில் கை வைத்து வேகத்தைச் சரிசெய்யுங்கள். அல்லது வேகம் சீராக இருக்கும் நாலு பாரை (தாளச் சுற்றை) லூப் போட்டு, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதற்குள்ளேயே அடுத்த பாட்டுக்கு மாறிவிடுங்கள். திஸ்ர நடையில், அதாவது மூன்று மூன்றாகப் போகும் பாட்டை ஹவுஸோடு நீட்டிக் கலக்கவே வேண்டாம். பாட்டு ஓயும் இடத்தில் வெட்டி மாறுவதே அழகு.

இந்தக் காது ரெக்கார்டில் பழகினால்தான் சீக்கிரம் வரும் என்பது என் கருத்து. வீட்டில் பழக டர்ன்டேபிள் வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய டெக்னிக்ஸ் கம்பெனி டர்ன்டேபிள் என்றால் பின்னால் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் போச்சு.

ரெக்கார்டில் பிட்சை (சுழலும் வேகத்தை) 6% ஏற்றினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை கூடிவிடும், பாடகரின் குரலே மாறிப்போகும். டிஜிட்டலில் மாஸ்டர் டெம்போ என்ற பட்டனைப் போட்டால், வேகம் மாறினாலும் சுருதி நிற்கும். அந்தத் தைரியத்தில் அளவுக்கு மீறி இழுத்தால் குரல் நடுங்கும்.

ஊசி குதிக்கிறது என்று ஊசியைத் தாங்கும் ஹெட்ஷெல் மேல் காசு வைப்பதைத் தயவுசெய்து விடுங்கள். டிஜே ஊசிகள் பலவற்றுக்கு 3, 4 கிராம் பாரம் போதும். கூட்டினால் ரெக்கார்டில் ஊசி ஓடும் பள்ளம் தேயும். குதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மேடைதான். உள்ளே வெற்றாக இருக்கும் மரமேடையில் சப்வூஃபரும் டர்ன்டேபிளும் சேர்ந்து நின்றால் பேஸ் ஊசிக்கே திரும்பி வந்து ஊளையிடும். டர்ன்டேபிளுக்குக் கீழே கான்கிரீட் பலகை, அதற்கும் கீழே ஃபோம் வையுங்கள். பாட்டி காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் ரெக்கார்டுகளை இந்த ஊசியில் போடாதீர்கள். அவற்றின் பள்ளம் அகலம், அதற்கென்று தனி ஊசி உண்டு.

பென்டிரைவ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டை வெறுமனே காப்பி செய்யாமல் ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே சாஃப்ட்வேர் வழியாக ஏற்றுங்கள். பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்யுங்கள், பழைய சிடிஜேக்கள் (டிஜே பிளேயர்கள்) விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டைப் படிக்காது. இன்னொரு பிரதி பையில் இருக்கட்டும். அப்புறம், கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் இடைவெளியில் பிளேயர் அணைந்து முதலிலிருந்து கிளம்பும். பிளேயருக்கும் மிக்சருக்கும் மட்டுமாவது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் எடுத்துப் போங்கள்.