சிறு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு வால்வு பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நீர்ச்செடித் தொட்டி வைப்பவர்கள் பெருகி வருகிறார்கள். செடிகளுக்கு வாயு கொடுக்க இரண்டு கிலோ சிலிண்டர் வாங்கியதும் பலர் என்னிடம் வால்வைப் பற்றிக் கேட்கிறார்கள். நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வால்வை மூடாமல், வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரைக் கழற்றுவது, துருவேறிய சிலிண்டரை வாங்குவது போன்றவை யாரும் சொல்லாமலே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆடும் நட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றுவது

வால்வின் வாய் அளவுகளில் நம் கைக்கு அதிகம் வந்து சேர்பவை இரண்டு. ஒன்று ஜெர்மானிய டிஐஎன் 477 தரத்தின் 21.8 மி.மீ. மரை, மற்றொன்று அமெரிக்க சிஜிஏ 320, அதாவது 0.825 அங்குலம், ஏறத்தாழ 20.96 மி.மீ. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைகள்தான் என்பதால் கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. ரெகுலேட்டரின் சிஜிஏ நட்டை 21.8 வாயில் வைத்தால் ஏறவே ஏறாது, அதனால் கேடில்லை. 21.8 நட்டைச் சிஜிஏ வாயில் வைத்தாலோ, லேசான ஆட்டத்தோடு கடைசிவரை ஏறிவிடும். ஏறிவிட்டதே என்று நம்புவதில்தான் வினை இருக்கிறது. மரையின் பல் முழு ஆழத்துக்குக் கடிக்காமல் மேலோட்டமாகப் பற்றியிருக்க, உள்ளே 20 டிகிரி வெப்பத்திலேயே 57 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 57 மடங்கு அழுத்தம் நிற்கிறது.

தேவகோட்டைத் தம்பி ஒருவர், "அண்ணே, நட்டு லேசா ஆடுச்சு, டேப் சுத்தினதும் சரியாயிருச்சு" என்று போனில் மகிழ்ச்சியோடு சொன்னார். நேரில் போய்ப் பார்த்தேன். மரை தெரியாத அளவுக்கு வெள்ளை டேப் பல சுற்றாக ஏறியிருந்தது. பைப் ரெஞ்சு போட்டு இறுக்கியதில் பித்தளை நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன. சோப்புத் தண்ணீரைத் தடவியதும் நட்டின் பின்புறம் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. வால்வை மூடிக் கழற்றிப் பார்த்தால் வாஷரே இல்லை. "தம்பி, இதுக்குள்ள இருந்த வாஷர் எங்கே?" என்றேன். "அது பழசா இருந்துச்சுண்ணே, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார்.

இந்த ஒரு தவறைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் டேப் சுற்றுபவர் ஒரு வேலையைச் செய்து முடித்த நிறைவோடு ஆபத்தை மூடி வைக்கிறார். தண்ணீர்க் குழாயின் கூம்பு மரையில் டேப் வேண்டும்; அங்கே மரைதான் கசிவைத் தடுக்கிறது. சிலிண்டர் வாயில் கசிவைத் தடுப்பது தட்டையான வாஷர் மட்டுமே. நட்டின் மரை அந்த வாஷரை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். டேப்பால் ஆட்டம் மறையுமே தவிர, பிடிப்பு அதிகரிக்காது. பிய்ந்த டேப் நூல்கள் ரெகுலேட்டருக்குள் போய், வாயுவைச் சிறுகச் சிறுக விடும் ஊசி வால்வையும் அடைக்கின்றன. அந்தத் தம்பிக்கு ஒரு சிலிண்டர் வாயு முழுவதும் போனதோடு ரெகுலேட்டரும் கெட்டது. வெர்னியர் காலிபரால் வாயை அளந்து, பொருந்தாவிட்டால் சரியான பித்தளை அடாப்டரை வாங்குங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள்.

தீயணைப்பான் வால்வை அப்படியே பயன்படுத்துவது

புதுச் சிலிண்டரின் விலைக்குத் தயங்கிப் பலர் பழைய தீயணைப்பானை வாங்குகிறார்கள். அதன் வால்வுக்குக் கீழே அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். தீயின் மேல் திரவத்தையே வீசுவதற்காக வைத்தது அது. நமக்கு வேண்டியது திரவத்துக்கு மேலே நிற்கும் வாயு. குழாயோடு ரெகுலேட்டரை மாட்டினால் திரவம் ஏறி, அழுத்தம் குறையும் இடத்தில் மைனஸ் 78 டிகிரி உலர்பனியாக உறைந்து, உள்ளிருந்து அழுத்தத்தைச் சீராக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரத்தையும் ரப்பர் வளையங்களையும் விறைக்க வைத்துவிடும். மேலும் கைப்பிடியை அழுத்தித் திறக்கும் வால்வால் வாயுவைச் சிறுகச் சிறுக விட முடியாது. நிரப்பும் நிலையத்திலேயே, சிலிண்டர் காலியாக இருக்கும்போது, குழாய் இல்லாத சக்கர வால்வாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கழுத்து மரையை வீட்டில் கழற்றுவது

சிலிண்டரின் கழுத்தில் வால்வு ஏறியிருக்கும் மரை அது. தொடாதீர்கள்.

சிலிண்டரைப் படுக்க வைப்பது

கூடாது. குழாய் இல்லாவிட்டாலும் திரவம் வால்வுக்கு வந்துவிடும்.

கொசுறு வாயு

தெரிந்த கடைக்காரர் அன்போடு கொஞ்சம் கூடுதலாக நிரப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். இரண்டு கிலோ வாயுவுக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் கொள்ளளவு தேவை. மிச்ச இடம் திரவம் விரிவதற்காக விடப்படுகிறது. 31 டிகிரிக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு திரவமாகவே இருப்பதில்லை, சித்திரை வெயிலில் நம் வீட்டு நிழல்கூட அந்த அளவைத் தாண்டிவிடும். அதிகம் நிரப்பிய சிலிண்டரில் அழுத்தம் மளமளவென்று ஏறி, வால்வின் பக்கவாட்டில் இருக்கும் பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்த வாயுவும் வெளியேறும். அந்தத் தகட்டின் மூடியை இறுக்கவோ அடைக்கவோ யாரையும் விடாதீர்கள். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். நிரப்பியதும் தராசில் வைத்துக் கழித்துப் பாருங்கள்.

பூட்டிய அறையில் வைப்பது

நம் பழைய வீடுகளில் வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள உள்ளறைகளுக்குக் காற்றோட்டம் குறைவு. பத்தடி நீளம், அகலம், உயரமுள்ள அறையில் இரண்டு கிலோ வாயுவும் கசிந்தால் காற்றில் அதன் அளவு நான்கு சதவீதத்தை நெருங்கும். உயிருக்கே ஆபத்து என்று வரையறுக்கப்பட்ட அளவும் நான்கு சதவீதம்தான். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களையும் குழந்தைகளையும் முதலில் தாக்கும். வளவுப் பத்தியில், வெயில் படாத தூணோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டி நிறுத்துங்கள். அங்கிருந்து தொட்டிக்கு மெல்லிய குழாயை நீட்டிக்கொள்ளலாம்.