லாஸ் ஏஞ்சலஸில் பர்மிய, கம்போடியக் கடை தேட: கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து புதிதாக வந்தவர்களுக்கு

தாய்லாந்து, வியட்நாம் சாப்பாட்டுக் கடைகள் வந்த வாரமே கண்ணில் பட்டுவிடும். பர்மியக் கடையையும் கம்போடியக் கடையையும் தேடித்தான் போகவேண்டும். சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இரண்டும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், அலையலாமுங்க.

மேப்பில் நாட்டின் பெயரை மட்டும் போட்டால் பாதிக் கடை சிக்காது. பர்மா 1989-இல் மியான்மர் ஆனது. பலகைகளில் இரண்டு பெயரும் இருக்கும். சில கடைகள் சைனீஸ், தாய் என்றே பதிவாகியிருக்கும். அதனால் பண்டத்தின் பெயரைத் தேடுங்கள்: மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்), ஓன் நோ காவ்ஸ்வே (தேங்காய்ப்பால் நூடுல்ஸ்), லப்பெட் (தேயிலை சாலட்). கம்போடியாவுக்கு க்மேர் (அவர்கள் இனத்துக்கும் மொழிக்கும் பெயர்), அமோக் (தேங்காய்ப்பால் சேர்த்து ஆவியில் வேகவைத்த மீன்), நோம் பான் சோக் (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்). ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஸ்பெல்லிங் போட்டுப் பாருங்கள். பிறகு மெனு போட்டோவைப் பெரிதாக்கிப் படியுங்கள். இந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லையென்றால் விட்டுவிடலாம்.

கம்போடியச் சாப்பாட்டுக்கு லாங் பீச். அங்கே அனாஹெய்ம் தெருவில் அட்லாண்டிக் அவென்யூ முதல் ஜூனிப்பெரோ அவென்யூ வரை உள்ள பகுதிக்கு 2007-இல் கம்போடியா டவுன் என்று பெயர் வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனிலிருந்து ஏ லைன் ரயில் ஏறி, அனாஹெய்ம் தெரு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடக்கவேண்டும். பர்மியக் கடைகளுக்கு மான்டரே பார்க், அல்ஹம்ப்ரா பக்கம் தேடுங்கள். கலிபோர்னியாவின் டோனட் கடைகளில் நிறைய கம்போடியக் குடும்பங்கள் நடத்துபவை. அங்கே ஒரு காபி வாங்கிக்கொண்டு, "நீங்க எங்க சாப்பிடப் போவீங்க?" என்று கேட்டால் மேப்பைவிட நல்ல பதில் கிடைக்கும்.

முதல் தடவை நோம் பான் சோக் சாப்பிடுங்கள். நாம் மாவை வேகவைத்து, சூட்டோடு சந்தகை பிழிகிறோம். அவர்கள் மாவைக் கொதிக்கிற தண்ணீரிலேயே பிழிந்து, பச்சைத்தண்ணீரில் அலசிச் சுருள் சுருளாக வைப்பார்கள். மேலே எலுமிச்சைப்புல் அரைத்த பச்சை நிற மீன் குழம்பு, கூடவே வெள்ளரி, வாழைப்பூ. மொஹிங்காவும் மீன் குழம்புதான். அதில் வாழைத்தண்டு கிடக்கும். வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ சேர்த்துக் கெட்டியாக்குவார்கள். இரண்டுமே காலைப் பலகாரம். சில கடைகளில் சனி, ஞாயிறு மட்டும்தான் போடுவார்கள், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சைவக்காரர்கள் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். "கறி வேண்டாம்" என்றால் கறியை மட்டும்தான் எடுப்பார்கள். மீன் சாறு, பிரஹோக் என்கிற புளித்த மீன் விழுது, காய்ந்த இறால் எல்லாம் உள்ளேயே இருக்கும். குழம்பில் கலந்துவிட்டால் பிரிக்கவும் முடியாது. ஆர்டருக்கு முன்பே ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி வேண்டாமென்று சொல்லுங்கள். பர்மியரிடம் "தெத் தத் லுத்" என்றால் சைவம். க்மேரில் "ஒத் சாச், ஒத் த்ரெய்" என்றால் கறியில்லாமல், மீனில்லாமல். கடலை மாவில் செய்கிற ஷான் தோஃபு நமக்கு நன்றாக ஒத்துப்போகும், மேலே ஊற்றும் சாற்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் கவனிக்க: லொக் லாக் என்கிற கறி வறுவல் பெரும்பாலும் மாட்டுக்கறி, குய் தியாவ் என்கிற நூடுல்ஸ் சூப்பின் சாறு பன்றி எலும்பில் காய்ச்சுவது. ஹலால் பலகை உள்ள பர்மியக் கடையில் பன்றி இருக்காது, மாடு இருக்கலாம்.

லப்பெட் என்பது புளிக்கவைத்த தேயிலை. ராத்திரி ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டால் தூக்கம் போய்விடும், மதியமே வாங்குங்கள்.