ஆர்எக்ஸ் 100 பாதி வழியில நின்னதுக்குக் காரணம் டேங்க் மூடி

யமஹா பைக், 1993 மாடல் வண்டி. பத்து கிலோமீட்டர் அருமையா ஓடும், அப்புறம் இழுவை கொறஞ்சு பெட்ரோல் தீர்ந்த மாதிரி நின்னுடும். பிளக் மாத்துனேன், கார்ப்ரேட்டர ரெண்டு தடவ கழட்டி பெட்ரோல் வர்ற ஜெட் துளையெல்லாம் ஊதுனேன், மெக்கானிக் அண்ணன் பிளக்குக்குக் கரண்ட் குடுக்கற காயில் சூடாகுதுன்னாரு, அதையும் மாத்தியாச்சு, நாலு நாள் போச்சு. ஆனா ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் இருக்கான்னு மூடியத் தொறந்து பாத்துட்டு உதைச்சா உடனே ஸ்டார்ட் ஆச்சு, இதத்தான் கவனிக்காம விட்டுட்டேன். நேத்து தொறக்கும்போது ‘உஸ்ஸ்’னு காத்து உள்ள இழுக்கற சத்தம். மூடியில காத்து போற சின்னத் துளை, போன வாரம் நான் போட்ட பாலிஷ் காஞ்சு வெள்ளையா அடைச்சிருக்கு, டேங்க்குள்ள காத்து போகலன்னா அப்புறம் எப்படி பெட்ரோல் கீழ எறங்கும். மூடியத் தொறந்தப்பல்லாம் காத்து உள்ள போனதாலதான் உடனே ஸ்டார்ட் ஆயிருக்கு. பழைய கிளட்ச் கேபிள்ல ஒத்த இழை உருவி குத்தி எடுத்து, மண்ணெண்ணெய்ல கழுவி, பம்புல காத்து அடிச்சேன். இன்னிக்கு 60 கிலோமீட்டர், ஒரு எடத்துலயும் நிக்கல, அப்பாடா.