பதிவகத் தரவை வைத்து மக்கட்பிரிவுகளின் புற்றுநோய் வீதத்தைக் கணக்கிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வட்டாரத்தில் புற்றுநோய் கண்டவர்களையெல்லாம் பதியும் புற்றுநோய்ப் பதிவகங்களின் தரவைப் பகுப்பாய்வு செய்யப் புதிதாக வரும் மாணவர்களின் வரைவுகளை ஆண்டுதோறும் திருத்திக் கொடுக்கிறேன். என் முதல் வரைவில் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்த அதே இடங்களைத்தான் இப்போது நான் சுழிக்கிறேன். ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை மக்கள்தொகை வீதம் என்று எழுதிவிடுவது, ஒரே நோயாளியை இரண்டு மருத்துவமனைகளிலிருந்து இருமுறை எண்ணுவது ஆகியவை குறித்துப் பயிற்சியின் முதல் நாளே எச்சரித்துவிடுகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வயதைச் சீராக்காமல் ஒப்பிடுவது

இந்தியாவின் முதல் மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவகம் 1963இல் மும்பையில் தொடங்கப்பட்டது. பார்சிப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் வீதம் மற்ற சமயத்தவரைவிட உயர்ந்திருப்பதை அது காட்டியது. பார்சிகளிடையே முதியோரின் பங்கு அதிகம் என்பதால், வயது வேறுபாட்டை ஈடுசெய்து சீராக்காத வீதத்தை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய எல்லாப் புற்றுநோயும் அவர்களிடம் கூடுதலாகத்தான் தெரியும். வயதைச் சீராக்கிய பின்னும் மார்பகப் புற்று உயர்ந்தே நின்றதால்தான் தாமதமான திருமணம், குறைவான பிள்ளைப்பேறு போன்ற காரணங்களைத் தேடுவதில் பொருள் இருந்தது. எந்த நியம மக்கள்தொகையைக் கொண்டு, அதாவது ஒப்பீட்டுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளும் எந்த வயதுப் பங்கீட்டைக் கொண்டு, சீராக்கினோம் என்பதையும் எழுத வேண்டும். இந்தியப் பதிவகங்கள் பயன்படுத்தும் செகி–டால் உலக நியமத்தில் 65 வயதுக்கு மேற்பட்டோர் 7 விழுக்காடு. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு நியமத்தில் 12 விழுக்காட்டுக்கும் மேல். இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்த வரைவுகள் இப்போதும் வருகின்றன.

தொகுதிக்கு ஒரு கேள்வி, பகுதிக்கு வேறொரு கேள்வி

வீதம் என்பது ஒரு பின்னம். மேலே தொகுதியில் நோயாளிகள், கீழே பகுதியில் மக்கள். மேலே இருப்பவரை எந்தக் கேள்வி கேட்டு ஒரு பிரிவில் சேர்த்தோமோ, அதே கேள்வியைக் கேட்டுத்தான் கீழே இருப்பவரையும் சேர்த்திருக்க வேண்டும். இது தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. இந்தத் தவறை நானே செய்து எட்டு மாத உழைப்பை இழந்தேன். யாராவது அதைத் திரும்பச் செய்வதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஒரு மலை வட்டத்தில் பழங்குடியினரின் புற்றுநோய் வீதத்தைக் கணக்கிடும் பணி அது. பகுதி எண்ணை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தேன். அங்கே கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று, பட்டியல் பழங்குடியா என்று குடும்பத்தாரையே கேட்டு எழுதுகிறார். தொகுதி எண் பதிவகப் படிவங்களிலிருந்து வந்தது. கிடைத்த வீதமோ சுற்றுவட்டார மக்களின் வீதத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. சிறுதானிய உணவு, உடலுழைப்பு, காட்டு வாழ்க்கை என்று நான்கு பக்கத்துக்கு விளக்கமும் எழுதி முடித்திருந்தேன்.

அந்தப் படிவங்களை நிரப்பிய களப்பணியாளர் ஒருவர் என்னை ஆவண அறைக்கு அழைத்துப்போய் ஒரு கோப்பை விரித்துக் காட்டினார். வாய்ப்புற்று கண்ட ஒரு பெண்ணின் கோப்பு அது. முகவரிக் கட்டத்தில் மருத்துவமனைக்கு எதிரே இருந்த விடுதியின் பெயர் இருந்தது. சமூகப் பிரிவுக் கட்டத்தில் பென்சிலால் இழுத்த ஒரு சிறு கோடு. “வார்டில் இதையெல்லாம் யாரும் கேட்கறதில்லை சார். கேட்டால் எதுக்குன்னு பயப்படறாங்க. கோடு போட்டுட்டு வந்துடுவோம்” என்றார். அந்தக் கோடு கணினியில் ‘தெரியவில்லை’ என்று ஏறியிருக்க வேண்டும். தரவு உள்ளிடும் நிரலோ வெற்றுக் கட்டங்களையெல்லாம் ‘பிறர்’ என்று எடுத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு முறைகூட மூலப் படிவத்தைப் பார்க்கக் கேட்டதில்லை.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். பழங்குடியினர் 10,000 பேர், பிறர் 1,90,000 பேர். இரு பிரிவிலும் உண்மை வீதம் லட்சத்துக்கு 80 என்று கொள்வோம். அப்படியானால் நோயாளிகள் முறையே 8 பேரும் 152 பேரும் இருப்பார்கள். பழங்குடி நோயாளிகளில் 5 பேரின் கட்டத்தில் கோடு விழுந்து அவர்கள் ‘பிறர்’ பக்கம் போனால், பழங்குடியினரின் வீதம் 80இலிருந்து 30 ஆகச் சரியும். பிறரின் வீதம் 82.6 ஆகும், அவ்வளவுதான். பெரிய பிரிவின் எண்ணைச் சரிபார்த்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பிவிடுவோம், அடியை வாங்குவது சிறிய பிரிவு மட்டுமே.

அமெரிக்காவில் முதற்குடியினரையும் அலாஸ்காப் பூர்வகுடியினரையும் பதிவேடுகள் வெள்ளையர் என்று பதிந்துவிடுவது நெடுநாளைய சிக்கல். அங்கே பதிவகத் தரவை முதற்குடியினர் சுகாதாரப் பணித்துறையின் பயனாளர் பட்டியலோடு இணைத்துப் பார்க்கிறார்கள். முதற்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களைக் கொண்ட அல்லது அவற்றை ஒட்டிய மாவட்டங்களுக்கு மட்டும் பகுப்பாய்வைச் சுருக்கியும் வெளியிடுகிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லாத இடத்தில், ‘தெரியவில்லை’ என்பவர்களின் எண்ணிக்கையை முதல் அட்டவணையிலேயே காட்டுங்கள். பிறகு அவர்கள் அனைவரையும் ஒருமுறை சிறிய பிரிவில் சேர்த்தும், ஒருமுறை முழுதாக விலக்கியும் வீதத்தைக் கணக்கிடுங்கள். முடிவு இரண்டு கணக்கிலும் நிற்கவில்லை என்றால் அது முடிவே அன்று. என் நான்கு பக்க விளக்கம் அப்படித்தான் குப்பைக்குப் போனது.

பகுதி எண்ணின் வயதும் முக்கியம். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதன்பின் வெளிவந்த பல ஆய்வுகளும் 2011இன் கணக்கைத்தான் முன்னோக்கி நீட்டியிருக்கின்றன. மாநில மொத்தத்துக்கு அது தாங்கும். ஒரு வட்டத்தில் ஒரு பிரிவின் 60–64 வயதுப் பெண்களுக்குத் தாங்காது.

பெயரைப் பார்த்துப் பிரிவை ஊகிப்பது

வெற்றுக் கட்டத்தைப் பெயரைக் கொண்டு நிரப்பும் வழக்கமும் உண்டு. பிரிட்டனில் தெற்காசியப் பெயர்களை இனங்காண ‘நாம் பெஹ்சான்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தூத்துக்குடிக் கரையிலிருந்து போன ஒரு பெர்னாண்டோவை எந்தப் பெயர்ப் பட்டியலால் தமிழர் என்று கண்டுகொள்ள முடியும்?

ஓராண்டுத் தரவு

சிறிய பிரிவுக்குப் போதாது.

பூச்சியம்

நோயாளி ஒருவரும் பதிவாகாதபோதும் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி, அதாவது தற்செயல் ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொண்டு தரவோடு பொருந்தும் எண்களின் வரம்பு, 3.7 நோயாளிகள் வரை நீளும். அதை எழுதாமல் ‘இந்நோய் இவர்களிடம் இல்லை’ என்று எழுதாதீர்கள்.

‘இந்தியர்’ என்றால் தமிழர் என்று கொள்வது

சிங்கப்பூர்ப் பதிவகம் சீனர், மலாயர், இந்தியர் என்று பிரித்து வெளியிடும் வீதங்கள் மிகப் பயனுள்ளவை. ஆனால் அங்கே ‘இந்தியர்’ என்பதில் மலையாளியும் பஞ்சாபியும் மட்டுமன்றிப் பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை வழிவந்தவர்களும் அடங்குவர். அந்த வீதங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியவை. வேலை அனுமதிச் சீட்டில் கட்டுமானப் பணிக்குப் போன நம் ஊர் இளைஞர் அந்தப் பின்னத்தின் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

எல்லை மாறியதைக் கவனிக்காதது

2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ‘சென்னை’ என்ற சொல் மாறவில்லை என்பதற்காக அதற்கு முன்னும் பின்னும் ஒரே கோடு வரையாதீர்கள். தரவு எந்த எல்லைக்குரியது என்று முதலில் கேளுங்கள்.

முகவரியை நம்பிவிடுவது

பதிவகப் பகுதியில் குறைந்தது ஓராண்டு வசித்தவரே அப்பகுதியின் நோயாளி என்பது இந்தியப் பதிவகங்களின் விதி. சென்னைக்குச் சிகிச்சைக்கு வருபவர்கள் தங்கை வீட்டு முகவரியைக் கொடுப்பது இயல்பு, அதில் குற்றமும் இல்லை. ‘எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள்?’ என்று நேராகக் கேட்டால், உள்ளூர்க்காரர் இல்லை என்று சிகிச்சையை மறுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் ‘ரொம்ப நாளாக’ என்ற பதிலே வரும். சொந்த ஊரைக் கேட்பதும் உதவாது. பொங்கலுக்கு எந்த ஊர் என்று கேட்டால் பாதிச் சென்னை கணக்கிலிருந்து விழுந்துவிடும். நான் அறிந்த களப்பணியாளர் ஒருவர் கேட்பது இதைத்தான்: “போன வருஷம் இதே மாசம் எந்த ரேஷன் கடையில் அரிசி வாங்கினீங்க?”