ஃபோர்ஸ் மஜூர் முதல் ஆர்.எஸ்.வி.பி. வரை: பிரெஞ்சுத் தொடர்களில் தவறும் இடங்கள்

ஒப்பந்தத்தில் ‘ஃபோர்ஸ் மஜூர்’, அதாவது ‘நம்மை மீறிய தடை’, என்றொரு பத்தி இருந்தால் போதும், நட்டம் வந்தால் விலகிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். பணத்தை இழக்க வைக்கும் தவறு இது. பிரான்சின் குடிமைச் சட்டத் தொகுப்பு, 1218ஆம் பிரிவில் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது: தடை நம் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது; கையெழுத்திடும்போது அதை நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாது; தக்க நடவடிக்கை எடுத்தும் விளைவைத் தவிர்க்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இல் அந்தச் சொல்லே இல்லை. பத்தி இருந்தால் நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தங்களுக்கான 32ஆம் பிரிவு, இல்லாவிட்டால் செய்ய முடியாமல் போன ஒப்பந்தங்களுக்கான 56ஆம் பிரிவு என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மின் நிறுவனங்கள் சொன்ன இந்தோனேசிய நிலக்கரி விலையேற்றத்தைக் காரணமாக ஏற்கவும் மறுத்தது. செலவு கூடுவது வேறு, செய்யவே முடியாமல் போவது வேறு.

ஆகவே பத்தி எழுதும்போது போர், வெள்ளம், கொள்ளைநோய், வேலைநிறுத்தம், அரசின் தடையாணை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பட்டியலில் மழை, வெள்ளம், புயல் மட்டும் இருந்து ‘முதலியன’ என்று முடித்தால், அதே இனத்தைச் சேர்ந்தவை மட்டுமே அடங்கும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். எத்தனை நாளுக்குள் அறிவிப்புத் தர வேண்டும், தடை நீங்கும்வரை வாடகையோ தவணையோ ஓடுமா நிற்குமா என்பதையும் எழுதிவிடுங்கள். ‘கடவுளின் செயல்’ என்பதை இதற்கு மாற்றாகப் போடாதீர்கள். அது இயற்கைச் சீற்றத்தோடு நின்றுவிடும்.

‘ஓட்டர்ஃபாய்ஸ் அக்விட்’, அதாவது ‘முன்பே விடுதலையானவர்’, குற்ற வழக்கில் வருவது: விசாரித்து விடுதலை செய்யப்பட்டவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக் கூடாது என்ற வாதம். இங்கே நடக்கும் குழப்பம், வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டதையும் விடுதலையையும் ஒன்றாக எண்ணுவது. விசாரணைக்கு முன் விடுவிக்கப்படுவதோ, புகார் தள்ளுபடியாவதோ விடுதலை ஆகாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300ஆம் பிரிவே விளக்கம் தந்தது; இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337ஆம் பிரிவு. உச்சரிப்பு பிரெஞ்சுக்காரருக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் 1066க்குப் பிறகு நார்மானியரோடு வந்து இங்கிலாந்து நீதிமன்றங்களில் தங்கிவிட்ட மொழி இது. நீதிமன்றத்தில் அந்த உச்சரிப்பே சரி.

பேச்சுவழக்கில் நிலை நேர்மாறு. இறுதி அடியைக் குறிக்கும் ‘கூ த க்ராஸ்’ பலர் வாயில் ‘கூ த க்ரா’ ஆகிறது. பிரெஞ்சில் கடைசி எழுத்து ஒலிக்காது என்ற அரைகுறை விதி செய்யும் வேலை. க்ராஸ் என்றால் கருணை. துடிப்பவரின் வேதனையை முடிக்கும் அடி. ‘க்ரா’ என்றால் கொழுப்பு!

‘தேஜா வூ’ என்பது புதிதாக நடப்பதை முன்பே கண்டதுபோல் தோன்றும் உணர்வு. நிஜமாகவே இரண்டாம் முறை நடப்பதற்கு அது பொருந்தாது.

நம் கல்யாணப் பத்திரிகைகளில் ‘ஆர்.எஸ்.வி.பி.’ போட்டு, கீழே மாமா, சித்தப்பா பெயர்களும் கைபேசி எண்களும் அச்சிடுகிறோம். தொடர்புக்கு என்ற பொருளில் பலர் அதைப் படிக்கிறார்கள். உண்மையில் அது ‘ரெபோந்தே சில் வூ ப்ளே’, தயவுசெய்து பதில் சொல்லுங்கள் என்ற வேண்டுகோள். முன்னால் இன்னொரு ‘தயவுசெய்து’ வேண்டாம். எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதைச் சேருங்கள். சமையல்காரருக்கு இலைக்கணக்கு சொல்ல அந்தத் தேதிதான் உதவும்.