டெம்பர் கிளாஸ் ஒட்டலாமா, வேண்டாமா?

புது போனைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே கடைக்காரர் கேட்பது, "டெம்பர் போட்டுடலாமா?" நாமும் தலையை ஆட்டிவிடுகிறோம். போடுவதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு போட்டால், நூற்றைம்பது ரூபாயில் முடிகிற வேலைக்கு எண்ணூறு ரூபாய் கொடுக்க மாட்டோம், ஒட்டவே கூடாத போனில் ஒட்டிவிட்டு முழிக்கவும் மாட்டோம். என் கட்சி இதுதான்: டெம்பர் கீறலுக்கு, பேக் கேஸ் விழுவதற்கு. இரண்டில் ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால், திரைக்கு மேல் விளிம்பு கொஞ்சம் தூக்கி நிற்கிற கேஸை வாங்குங்கள்.

"என் போன் விழுந்துச்சு, டெம்பர் உடைஞ்சுது, டிஸ்ப்ளே தப்பிச்சுது" என்று சொல்லாத ஆளே கிடையாது. டெம்பர் உடைந்தது உண்மைதான், டிஸ்ப்ளேயைக் காப்பாற்றியது அதுதானா என்பதுதான் கேள்வி. கடையில் கிடைக்கிற சாதாரண டெம்பர் பெரும்பாலும் 0.33 மில்லிமீட்டர் தடிமன், அதன் ஓரங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, பையிலிருந்து எடுக்கும்போது ஜிப் இடித்தாலே மூலையில் ஒரு கோடு விழுந்துவிடும். டிஸ்ப்ளே சுலபமாகத் தாங்கிவிடுகிற அடியில்கூட அது உடையும். அதனால் உடைந்த டெம்பரைக் காட்டி அது போனைக் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. அதோடு போன் விழும்போது பல தடவை மூலையில்தான் இறங்கும். அந்த அடி பிரேம் வழியாகக் கண்ணாடியின் ஓரத்துக்குப் போகும். அந்த ஓரம் வரைக்கும் டெம்பர் வருவதே இல்லை. நீட்டிக்கொண்டிருக்கிற கல் ஒன்றின் மேல் போன் குப்புற விழுந்து, கல் திரையின் நடுவில் இடிக்கிறது என்றால் அப்போது டெம்பர் நிஜமாகவே அடியை வாங்கிக்கொள்ளும். மற்றபடி மூலைக்குக் கேஸ்தான்.

சரி, கீறல் எங்கிருந்து வருகிறது? சாவியும் சில்லறையும்தான் வில்லன் என்று எல்லோரும் நினைக்கிறோம். கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்த 1812இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் ஒரு அளவுகோல் போட்டார், இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அதில் போன் கண்ணாடி ஏறக்குறைய ஆறு. சாதாரண சாவி அதற்குக் கீழே, நாணயம் இன்னும் கீழே. கீறிப் பார்த்தால் உலோகம்தான் கண்ணாடி மேல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கோடு மாதிரி தெரியும், துடைத்தால் போய்விடும். ஆனால் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. இதுதான் எமன். கடற்கரை மணல், ஆற்று மணல், கருங்கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட், ரோட்டில் பறக்கிற புழுதி எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் உண்டு. மெரினாவில் உட்கார்ந்துவிட்டு வந்து போனைப் பாக்கெட்டில் போட்டால், கண்ணுக்குத் தெரியாத நாலு மணல் துகள் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சிக்கி, நடக்க நடக்கத் தேய்த்துக்கொண்டே இருக்கும். போனைச் சட்டை நுனியில் துடைக்கிற பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியதும் இதைத்தான், முதலில் ஊதிவிட்டுத் துடையுங்கள்.

போன் கண்ணாடியே சாதாரணக் கண்ணாடி இல்லையே, கொரில்லா கிளாஸ் ஆயிற்றே என்று கேட்கலாம். அதைச் செய்வதே ஒரு வேடிக்கையான வேலை. கண்ணாடித் தகட்டை ஏறக்குறைய 400 டிகிரியில் உருகிக் கிடக்கும் பொட்டாசியம் உப்பில் முக்குவார்கள். கண்ணாடியின் மேல்பரப்பில் இருக்கும் சின்ன சோடியம் அயனிகள் (மின்னூட்டம் உள்ள அணுக்கள்) வெளியே போய், அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் வந்து உட்காரும், டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்த கதைதான். அந்த நெருக்கடியால் மேல்பரப்பு எப்போதும் இறுகியே இருக்கும், சின்ன விரிசல் விழுந்தாலும் சட்டென்று வாய் திறக்காது. விழுந்தால் தாங்குவதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் குவார்ட்ஸ் துகள் கீறுவதை இது தடுக்காது. ஆழமான கீறல் ஒன்று விழுந்துவிட்டால், அடுத்த தடவை போன் விழும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். டெம்பர் கீறலைத் தடுத்தால் அந்த வகையில் உடைவதையும் கொஞ்சம் தள்ளிப்போடும்.

ஆக, உங்கள் போன் நாள் முழுக்க எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். கட்டட வேலை, வயல், லேத் பட்டறை, டூவீலரில் ஊர் சுற்றும் டெலிவரி வேலை, கடலோர வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், டெம்பர் போடுங்கள், கீறல் விழ விழ மாற்றுங்கள். ஏ.சி. ஆபீஸ், மேஜை, சட்டைப்பை, வீடு என்று ஓடுகிற ஆளாக இருந்து, ஒரு நல்ல கேஸும் இருந்தால், டெம்பர் இல்லாமலே ஓட்டலாம். டிஸ்ப்ளே மாற்ற என்ன ஆகும் என்பதையும் வாங்கும்போதே விசாரித்து வையுங்கள். இப்போது வருகிற பெரும்பாலான போன்களில் மேல் கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் சேர்த்து ஒட்டியிருக்கும், கண்ணாடியில் மட்டும் விரிசல் என்றாலும் முழுசாக மாற்றச் சொல்லிவிடுவார்கள். ஆமோலெட் என்கிற திரை வகை என்றால் பில் பல ஆயிரத்துக்குப் போகும்.

கடையில் போய் நின்றால் 9ஹெச், 9டி, 11டி, 21டி என்று அடுக்குவார்கள். 9ஹெச் என்பது மோஸ் அளவில் ஒன்பது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். மோஸில் ஒன்பது என்றால் நீலக்கல், மாணிக்கம். இந்த 9ஹெச் பென்சில் அளவு. பெயின்ட் பூச்சு எவ்வளவு கடினம் என்று பார்க்க 45 டிகிரி சாய்வில் பென்சிலை வைத்து 750 கிராம் பாரத்தோடு இழுக்கிற சோதனை ஒன்று உண்டு, அந்த வரிசையில் கடைசிப் பென்சில் 9ஹெச். எந்தக் கண்ணாடித் துண்டும் அதில் பாஸ் ஆகிவிடும். அதனால் டெம்பரும் கண்ணாடிதான், மணல் பட்டால் அதுவும் கீறும், அது கீறினால் கழற்றிப் போட்டுவிடலாம் என்பதுதான் நமக்கு லாபம். 2.5டி என்றால் ஓரம் கொஞ்சம் வளைத்துத் தேய்த்திருக்கிறது என்று பொருள், அது உண்மை. அதற்கு மேல் வருகிற எண்களெல்லாம் அட்டைப்பெட்டிக்காக எழுதினவை, அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

காசு கொடுக்க வேண்டிய இடம் பசை. ஓரத்தில் மட்டும் பசை இருக்கிற கண்ணாடியை ஒட்டினால் நடுவில் காற்று நின்று டச் மந்தமாகும், ஓரம் வழியாகத் தூசி ஏறும். முழுக்கப் பசை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, மேல்பூச்சு. நல்ல கண்ணாடியில் எண்ணெய்ப்பசை ஒட்டாத ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், விரல் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான். ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டுப் பாருங்கள், முத்து மாதிரி உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது, சப்பையாகப் பரவினால் இல்லை. மலிவான டெம்பரில் இது சீக்கிரமே தேய்ந்துபோகும், அப்புறம் எப்போது பார்த்தாலும் விரல் ரேகையாகத்தான் இருக்கும்.

பிரைவசி கிளாஸ் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்க்காமல் இருக்க உதவும், ஆனால் திரை மங்கும். வெயிலில் வெளிச்சத்தை ஏற்ற வேண்டியிருக்கும், பேட்டரி தின்னும். மேட் ஷீட், அதாவது பளபளப்பு இல்லாத ஷீட், கேம் ஆடுகிறவர்களுக்குச் சுகம், எழுத்து லேசாகப் பொரிப்பொரியாகத் தெரியும். ஹைட்ரஜெல் என்று விற்கிற டி.பி.யு. ஷீட் (வளைந்துகொடுக்கிற பிளாஸ்டிக்) வளைந்த டிஸ்ப்ளேக்குச் சரி, சின்னக் கோடுகள் தானே மறையும், ஆனால் அடி எதையும் தாங்காது.

இனி ஒட்டக் கூடாத இடங்கள். மடிக்கிற போன்களில் கம்பெனியே உள்திரையில் ஒரு ஷீட்டை ஒட்டி அனுப்பும். அதை வெறும் கவர் என்று நினைத்துப் பிய்க்காதீர்கள். 2019இல் முதல் கேலக்ஸி ஃபோல்டை முன்கூட்டியே வாங்கிப் பார்த்த விமர்சகர்கள் சிலர் அப்படிப் பிய்த்து, டிஸ்ப்ளேவே போய்விட்டது. அதன் மேல் டெம்பரும் ஒட்டக் கூடாது. வளைந்த டிஸ்ப்ளேக்கு யு.வி. பசையை (புற ஊதா வெளிச்சம் பட்டால் இறுகுகிற பசை) ஊற்றி விளக்கு காட்டி ஒட்டுகிற முறை ஒன்று இருக்கிறது, அந்த பசை தண்ணீர் மாதிரி இருப்பதால் ஸ்பீக்கர் ஓட்டைக்குள்ளும் பக்கவாட்டு பட்டனுக்குள்ளும் இறங்கி அங்கேயே கெட்டியாகிவிடும், சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிடுவார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை, டி.பி.யு. ஷீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவில் வந்த கொரில்லா ஆர்மர் மாதிரி பிரதிபலிப்பைக் குறைக்கிற கண்ணாடி உள்ள போனில் சாதாரண டெம்பரை ஒட்டினால், எதற்காக அவ்வளவு காசு கொடுத்தோமோ அது போய்விடும், மறுபடியும் டியூப்லைட் முகத்தில் அடிக்கும்.

ஒட்டுவதைக் கடையில் செய்தால் சில நொடிகளில் முடித்துவிடுவார்கள், ஆனால் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் புழுதிக்கு நடுவில் ஒட்டினால் உள்ளே தூசி நிற்கும். வீட்டிலேயே ஒட்டலாம். யாராவது வெந்நீரில் குளித்துவிட்டு வந்த பிறகு பாத்ரூம்தான் சரியான இடம், ஈரக்காற்றில் தூசி பறக்காது. மின்விசிறி வேண்டாம். போனை அணைத்துவிடுங்கள், கருப்புத் திரையில் தூசி நன்றாகத் தெரியும். கம்பெனி ஒட்டி அனுப்பிய மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் இருக்கிறதா என்று மூலையில் நகத்தால் நெருடிப் பாருங்கள், இருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

டெம்பர் பாக்கெட்டோடு வருகிற ஈரத் துணியால் துடையுங்கள், பிறகு காய்ந்த துணி, கடைசியில் தூசி எடுக்கிற ஸ்டிக்கர். பசைத்தாளை உரிப்பதற்கு முன்னாலேயே கண்ணாடியை மேலே வைத்து, கேமரா ஓட்டையும் ஓரங்களும் சரியாக வருகிறதா பார்த்து, இடது ஓரத்தில் இரண்டு இடத்தில் செல்லோடேப்பால் கதவுக்கீல் மாதிரி ஒட்டிவிடுங்கள். இப்போது கண்ணாடியைப் புத்தகம் போலத் திறந்து, இன்னொரு தடவை ஸ்டிக்கரால் தூசியை ஒற்றி எடுத்து, பசைத்தாளை உரித்து, அப்படியே மூடினால் கோணலாகாது. நடுவில் ஒரு தடவை விரலால் அழுத்துங்கள், பசை தானாகவே ஓரம் வரை ஓடும். பசை பிடித்த இடம் கருப்பாகப் பரவுவதைப் பார்ப்பதே ஒரு திருப்தி.

சின்னக் காற்றுக் குமிழி இருந்தால் பழைய ஏ.டி.எம். கார்டால் ஓரத்துக்குத் தள்ளுங்கள், மிச்சம் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். குமிழிக்கு நடுவில் ஒரு புள்ளி தெரிந்தால் அது தூசி, எவ்வளவு தள்ளினாலும் போகாது. அந்தப் பக்கத்து மூலையை மெதுவாகத் தூக்கி, டேப்பின் பசைப்பக்கத்தைக் கண்ணாடியின் உள்புறம் ஒற்றி எடுத்துவிட்டு மூடுங்கள். விரல் மட்டும் படக் கூடாது.

ஒட்டி முடித்ததும் வேலை முடிந்துவிடவில்லை. திரைக்குள் கைரேகை சென்சார் இருந்தால் பழைய ரேகையை அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள், பிறகு பதியாத வேறு விரலை வைத்துப் பாருங்கள். 2019இல் கேலக்ஸி எஸ்10, நோட்10 போன்களில் திரையையும் மூடுகிற சிலிக்கோன் கவர் போட்டிருந்தவர்களுக்கு யார் விரலுக்கும் போன் திறந்த கதை நடந்தது. சென்சார், கவரில் இருந்த வடிவத்தையே ரேகையாக எடுத்துக்கொண்டதுதான் காரணம், சாம்சங் அப்டேட் கொடுத்துச் சரி செய்தது. டச் மந்தமாகத் தெரிந்தால் செட்டிங்ஸில் டச் சென்சிடிவிட்டி இருக்கிறதா பார்த்து ஆன் செய்யுங்கள். யாரையாவது கூப்பிட்டுப் பேசிவிட்டு போனைக் காதிலிருந்து எடுக்கும்போது திரை கருப்பாகவே நிற்கிறதா? போன் காதருகே இருப்பதை உணர மேலே இருக்கிற சென்சாரை டெம்பரின் கருப்பு ஓரம் மறைக்கிறது. போனில் கோளாறு என்று சர்வீஸுக்கு ஓடாதீர்கள், ஓரத்தில் கருப்பு இல்லாத கண்ணாடியை மாற்றிப் பாருங்கள். ஓரம் தூக்கிக்கொண்டே இருந்தால் கேஸ் உள்ளே தள்ளுகிறது, கொஞ்சம் சின்ன கண்ணாடி வாங்க வேண்டும்.

உடைந்த டெம்பரோடு மாதக்கணக்கில் ஓட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, விரலில் சில்லு ஏறும், மாற்றிவிடுங்கள். எடுக்கும்போது பிளேடு வேண்டாம். ஹேர் டிரையரில் மிதமான சூடு காட்டி, ஒரு மூலையில் பிளாஸ்டிக் கார்டை நுழைத்துப் படுக்கை வாட்டில் நகர்த்திக்கொண்டே போனால் வந்துவிடும். அடியில் டிஸ்ப்ளே கண்ணாடியிலேயே விரிசல் இருக்கிறது என்றால் அதன் மேல் புது டெம்பரை அழுத்தி ஒட்டக் கூடாது, அந்த அழுத்தத்திலேயே டிஸ்ப்ளே போய்விடலாம், பழைய டெம்பரைப் பிய்க்கும்போதும் விரிசல் விரியலாம். அப்படிப்பட்ட போனில் பழைய டெம்பரை அப்படியே விட்டுவிட்டு, கையில் சில்லு படாமல் இருக்க மேலே அகலமான செல்லோடேப்பை ஒட்டி, தகவல்களை முதலில் பேக்கப் எடுத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.