யூத ஜெப ஆலய நூலகத்தில் இலவசச் சொற்பொழிவு: முதல் முறை போகிறவர்களுக்கு

நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவும் 65ஆம் தெருவும் சந்திக்கும் முனையில், சென்ட்ரல் பார்க்குக்கு எதிரே, மலை மாதிரி ஒரு கட்டடம் நிற்கும். டெம்பிள் இமானுவேல் என்ற யூத ஜெப ஆலயம் அது. சபை தொடங்கியது 1845இல், இப்போதைய கட்டடம் 1929இல் எழும்பியது. ஒரே நேரத்தில் 2,500 பேர் உட்காரலாம். உள்ளே நூலகம் உண்டு, சின்னதாக ஓர் அருங்காட்சியகமும் உண்டு. வெளியாரும் வரக்கூடிய பேச்சுகள், இசை நிகழ்ச்சிகள், கலந்துரையாடல்கள் ஆண்டு முழுக்க நடக்கின்றன. சிலவற்றுக்கு டிக்கெட், சில இலவசம்.

நம்மவர்கள் பலர் அந்தப் பக்கம் நடந்துபோயிருப்பார்கள். 'நம்மை உள்ளே விடமாட்டார்கள்' என்று நினைத்துக் கடந்தும் போயிருப்பார்கள். விடுவார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் சும்மா தள்ளிக்கொண்டு நுழைய முடியாது, அவ்வளவுதான். எப்படிப் போவது என்று படிப்படியாகப் பார்க்கலாம். நான் நியூயார்க்கை வைத்தே சொல்கிறேன். அமெரிக்காவின் மற்ற ஊர்களிலும் முறை ஏறக்குறைய இதுதான்.

படி 1: முதலில் எங்கே போவது?

ஜெப ஆலயத்துக்கே நேராகப் போகத் தயக்கமாக இருந்தால், 16ஆம் தெருவில் இருக்கும் யூத வரலாற்று மையத்தில் தொடங்குங்கள். அது வழிபாட்டு இடம் இல்லை. ஒரே கூரையின் கீழ் ஐந்து அமைப்புகள் இயங்கும் ஆவணக் காப்பகமும் நூலகமும் அது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழிக்கும் வாழ்க்கைக்கும் என்று 1925இல் வில்னா நகரில் தொடங்கி, போர்க்காலத்தில் நியூயார்க்குக்கு இடம் மாறிய யிவோ நிறுவனம் அங்கே இருக்கிறது. ஜெர்மன் மொழி பேசிய யூதர்களின் வரலாற்றுக்காக 1955இல் உருவான லியோ பெக் நிறுவனமும் அங்கேதான். 1892இல் தொடங்கிய அமெரிக்க யூத வரலாற்றுச் சங்கத்திடம், சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குள் பலகையில் பொறித்திருக்கிறார்களே ஒரு கவிதை, அதை எம்மா லாசரஸ் தன் கையால் எழுதிய பிரதி இருக்கிறது. இந்த அமைப்புகள் நடத்தும் பேச்சுகளில் பல இலவசம். முன்பதிவு மட்டும் செய்தால் போதும்.

42ஆம் தெரு பொது நூலகத்தில் 1897இல் தொடங்கிய யூதப் பிரிவும் உண்டு. நூலகச் சூழல் மட்டும் போதும் என்றால் அங்கே போகலாம்.

இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போய்ப் பழகிய பிறகு ஜெப ஆலயங்களுக்கு வாருங்கள். சுவை அங்கேதான் அதிகம். ஆய்வு மையத்தில் பேராசிரியர்கள் கேட்கிறார்கள். ஜெப ஆலய நூலகத்தில் அக்கம்பக்கத்துப் பாட்டிகள் கேட்கிறார்கள். பேச்சாளரைத் திணறடிப்பது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

படி 2: நாள்காட்டியைப் பாருங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. நமக்கு வார இறுதி என்றால் சனிக்கிழமை. யூதர்களுக்கு வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும்வரை ஓய்வுநாளான சபாத். அந்த நேரத்தில் வழிபாடு இருக்கும், நூலகம் பெரும்பாலும் பூட்டியிருக்கும். நியூயார்க்கில் டிசம்பர் மாதம் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் வெள்ளி மதியமே ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். உங்களுக்கு வசதியான நாட்கள் ஞாயிறும் வார நாட்களின் மாலைகளும்தான்.

அப்புறம் பண்டிகைகள். யூத நாள்காட்டி நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடுவது. 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிசெய்வார்கள். அதனால் பண்டிகைத் தேதி ஆங்கில மாதத்தில் ஆண்டுக்கு ஆண்டு நகரும். செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று வரிசையாக வரும்போது மூன்று நான்கு வாரங்களுக்கு நிகழ்ச்சிகள் குறைந்துவிடும். வசந்தத்தில் பாஸ்கா வாரமும் அப்படித்தான். எல்லாப் பண்டிகையும் முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கூட்டம் களைகட்டும் காலங்களும் உண்டு. குளிர்காலத் தொடக்கத்தில் வரும் ஹனுக்கா பண்டிகைக்கு முந்தைய மாதத்தை யூதப் புத்தக மாதமாகக் கொண்டாடுகிறார்கள். நூலாசிரியர்கள் ஊர் ஊராகப் பேச வருவது அப்போதுதான். ஜெர்மனியில் ஜெப ஆலயங்களை எரித்த 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவின் நினைவுநாளிலும், ஜனவரி 27இல் வரும் யூத இனப்படுகொலை நினைவுநாளிலும் கனமான உரைகள் இருக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ஷாவூத் பண்டிகை. பாஸ்காவிலிருந்து ஏழு வாரம் தள்ளி, மே நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள் வரும். அன்று இரவு முழுக்கக் கண் விழித்துப் படிப்பது வழக்கம். நம் சிவராத்திரி மாதிரி விழிப்பு, ஆனால் கையில் புத்தகம். ஒரே கட்டடத்தில் அறைக்கு ஒரு வகுப்பு என்று விடியும்வரை ஓடும், இடையிடையே சீஸ்கேக் வரும். மன்ஹாட்டனில் பலரும் சேர்ந்து நடத்தும் பெரிய ஷாவூத் இரவுகள் எல்லாருக்கும் பொதுவானவை. ஓர் இரவிலேயே எந்தத் தலைப்பு உங்களுக்கு ஒத்துவரும், எந்தப் பேச்சாளர் ஒத்துவருவார் என்று தெரிந்துவிடும்.

படி 3: பதிவு செய்யுங்கள்

நிறுவனத்தின் இணையதளத்தில் நிகழ்ச்சிகள் பக்கம் இருக்கும். ஜெப ஆலயங்களில் 'முதியோர் கல்வி' என்ற தலைப்பின் கீழும் தேடுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரியவர்களுக்கான வகுப்பு என்றுதான் பொருள். மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிட்டால் வாரம் ஒருமுறை தகவல் வந்துவிடும்.

கட்டணம் எழுதியிருக்கும் வரியை நிதானமாகப் படியுங்கள். 'இலவசம், முன்பதிவு அவசியம்' என்றால் பணம் வேண்டாம், பெயர் வேண்டும். 'பரிந்துரைக்கும் நன்கொடை' என்று ஒரு தொகை போட்டிருந்தால் அது கட்டாயமில்லை. 'உறுப்பினர்களுக்கு இலவசம்' என்றால் உங்களுக்கு இலவசம் இல்லை. சந்தேகமாக இருந்தால் நூலகருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள்: 'நான் யூதரில்லை, உறுப்பினருமில்லை, இந்தப் பேச்சுக்கு வரலாமா?' நூலகர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகப் பதில் போடுவார்கள்.

படி 4: வாசலில்

ஏன் இவ்வளவு பாதுகாப்பு என்று கேட்கலாம். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க்கில் ஒரு ஜெப ஆலயத்துக்குள் புகுந்தவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். 2022 ஜனவரியில் டெக்சாஸில் ரப்பி என்னும் மதகுருவையும் இன்னும் சிலரையும் ஒருவன் பிணை பிடித்தான். அதற்குப் பிறகு வாசலில் காவலர் இல்லாத பெரிய ஜெப ஆலயத்தைப் பார்ப்பது அரிது.

ஆகவே படம் போட்ட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பதிவு செய்த பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகட்டும். அப்பா பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நமக்கு இது எப்போதும் ஒரு தலைவலி. பையைத் திறந்து பார்ப்பார்கள், அதனால் முதுகுப்பை, பயணப்பெட்டி எல்லாம் வேண்டாம். இருபது நிமிடம் முன்னதாகப் போங்கள். வாசலில் நின்று கட்டடத்தைப் படம் பிடிக்காதீர்கள், உள்ளே போய்க் கேட்டுவிட்டு எடுக்கலாம். 'இங்கே என்ன வேலையாக வந்தீர்கள்?' என்று காவலர் கேட்டால் வருத்தப்பட வேண்டாம். எல்லாரிடமும் கேட்பதுதான். பேச்சின் தலைப்பைச் சொன்னால் போதும்.

படி 5: உள்ளே போனதும்

கோயில் பழக்கத்தில் செருப்பைக் கழற்றத் தேடாதீர்கள். அங்கே கழற்ற வேண்டாம், ஆண்களுக்குத் தலையை மூடுவதுதான் மரியாதை. பிரார்த்தனை மண்டபத்துக்குள் போவதாக இருந்தால் வாசலில் ஒரு கூடையில் கிப்பா என்னும் சின்னக் குல்லாய்கள் இருக்கும். ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம், யூதராக இருக்கத் தேவையில்லை. டெம்பிள் இமானுவேல் போன்ற சீர்திருத்த சபைகளில் இது அவரவர் விருப்பம். பழைமை பேணும் சபைகளில் கட்டாயம். நூலக அறையில் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

கை குலுக்குவதில் ஒரு நுணுக்கம். ஆசாரமான ஆணோ பெண்ணோ எதிர்ப்பாலாருடன் கை குலுக்கமாட்டார். நீங்களாகக் கை நீட்டாமல் தலையசையுங்கள், அல்லது நம் ஊர் வணக்கம் போடுங்கள். எந்தச் சங்கடமும் வராது.

சாப்பாடு. பேச்சு முடிந்து காபி, பலகாரம் இருக்கலாம். பெரும்பாலும் கோஷர் என்னும் யூத உணவு விதிப்படி செய்ததாக இருக்கும். இறைச்சியும் பால் பொருளும் ஒரே மேசைக்கு வராது. வீட்டிலிருந்து நீங்கள் எதுவும் கொண்டுபோக வேண்டாம், நல்லெண்ணத்தில் கொண்டுபோகும் முறுக்கும் மைசூர்பாகும்கூட அவர்களுக்குத் தர்மசங்கடம். சைவர்கள் கவனிக்க: 'பால் உணவு' என்றால் இறைச்சி கிடையாது, ஆனால் மீன் இருக்கலாம். அவர்கள் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது, முட்டையும் சேராது. பேகல் என்ற வட்ட ரொட்டிக்குள் வெள்ளையாக இருப்பது சீஸா மீனா என்று கேட்டுவிட்டுக் கடியுங்கள்.

படி 6: நூலகத்தைச் சுற்றிப் பாருங்கள்

பேச்சு தொடங்கும் முன் அலமாரிகளைப் பாருங்கள். எபிரேய நூல்கள் வலமிருந்து இடமாகப் போகும், நமக்குப் பின்னட்டை அவர்களுக்கு முன்னட்டை. பல ஜெப ஆலய நூலகங்களில் பொது நூலக எண்முறை இருக்காது, யூத நூல்களுக்கென்றே உருவாக்கிய எலாசர் முறையோ வைன் முறையோ இருக்கும். முதுகில் இருக்கும் எண்ணை வைத்துத் தேடித் திணறுவதைவிட நூலகரைக் கேட்பது சுலபம். இரவல் உறுப்பினர்களுக்குத்தான் கிடைக்கும், உட்கார்ந்து படிக்கப் பெரும்பாலும் தடை இருக்காது.

புனித நூலைத் தரையில் வைக்கக் கூடாது. கைதவறி விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். காலில் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழிந்துபோன நூலையும் குப்பையில் போடமாட்டார்கள். கடவுளின் பெயர் எழுதிய தாளை ஒதுக்கிவைத்துப் பின்னர் அடக்கம் செய்வார்கள். அந்த ஒதுக்கிடத்துக்கு கெனிசா என்று பெயர்.

பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தின் கெனிசாவில் நூற்றாண்டுக் கணக்கில் இப்படிச் சேர்ந்த தாள்களை, 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அங்கே மட்டும் சுமார் 1,93,000 துண்டுகள். அவற்றுக்குள் வேதப் பகுதிகளோடு கடைக்கணக்கும் கல்யாண ஒப்பந்தமும் வியாபாரக் கடிதங்களும் கிடந்தன. ஆபிரகாம் பென் யிஜூ என்ற துனீசிய யூத வணிகர் 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்து வெண்கலப் பட்டறை நடத்தியது அந்தக் கடிதங்களிலிருந்துதான் தெரியவந்தது. ஏடனிலிருந்து கூட்டாளிகள் அவருக்கு உடைந்த செம்பும் பித்தளையும் அனுப்பி, 'இதை இப்படிப் பாத்திரமாக அடித்து அனுப்பு' என்று எழுதுவார்கள். கூடவே எழுதத் தாளும் சர்க்கரையும் வரும். இங்கிருந்து மிளகும் பாக்கும் இரும்பும் போகும். முதல் பேச்சுக்கு என்ன தலைப்பைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கெனிசா பற்றியது எதுவானாலும் போங்கள். கடல் வணிகம், கொச்சி யூதர்கள் என்றால் இன்னும் நல்லது. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000இல் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுத் தகுதியும் 72 உரிமைகளும் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அந்த அறையில் அந்த எழுத்தின் கதை தெரிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம்.

படி 7: கேள்வி நேரத்துக்கு முன் எழுந்து போகாதீர்கள்

மணியைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் கூட்டத்தின் சாரத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். காரணம் தெரிய வேண்டுமானால் யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்முத்தின் தொகுதி ஒன்றை நூலகரிடம் கேட்டு வாங்கிப் பிரித்துப் பாருங்கள். அநேகமாக எல்லாத் தொகுதியும் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும். பக்கத்தின் நடுவே மூலம். புத்தகத்தைத் தைத்த ஓரத்தை ஒட்டிய பக்கமாக, 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரை. மறு பக்கம், அவருடைய பேரன்களும் பின்வந்தவர்களும் அவரோடு வாதாடி எழுதிய உரை. 1520களில் வெனிஸில் டேனியல் பாம்பெர்க் அச்சிட்ட அமைப்பைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். பரிமேலழகரையும் அவரை மறுத்தவர்களையும் ஒரே பக்கத்தில், குறளைச் சுற்றி அடுக்கியது போல வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொகுதியின் முதல் வரியே ஒரு கேள்வி: மாலையில் ஷெமா பிரார்த்தனையை எந்த நேரத்திலிருந்து சொல்லலாம்? எதுவரை சொல்லலாம் என்பதற்கு உடனே மூன்று பதில்கள். முதல் சாமம் முடியும்வரை என்கிறார் ஒருவர், நள்ளிரவுவரை என்கிறார்கள் மற்ற அறிஞர்கள், விடியும்வரை என்கிறார் இன்னொருவர். மூன்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் சொற்பொழிவைக் கைதட்டி முடித்துவிட மாட்டார்கள். 'நீங்கள் சொன்னது தப்பு' என்று ஒருவர் எழுவார், பேச்சாளர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார், பின்வரிசையிலிருந்து இருவரையும் ஒருவர் மறுப்பார். சண்டை என்று நினைத்து மிரள வேண்டாம்.

நீங்களும் கேளுங்கள். இரண்டு வாக்கியத்துக்குள் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டால் அறையே திரும்பிப் பதில் சொல்லும். இஸ்ரேல் - பாலஸ்தீன அரசியலை மட்டும், பேச்சின் தலைப்பு அதுவாக இல்லாதபோது, முதல் நாளே இழுக்காதீர்கள்.

படி 8: ஊரிலிருந்தே கேட்பதென்றால்

யிவோ போன்ற நிறுவனங்கள் ஜூமில் இலவசமாகப் பேச்சு நடத்துகின்றன. பதிவு செய்தால் இணைப்பு மின்னஞ்சலில் வரும். நேரக் கணக்கில்தான் கவனம் வேண்டும். நியூயார்க் மாலை 7 மணி என்றால் இந்தியாவில் நமக்கு மறுநாள் விடியற்காலை, கோடையில் 4.30, குளிர்காலத்தில் 5.30. அலாரம் வைத்து எழுகிறவர்கள் எழலாம். அங்கே பகல் 1 மணிக்கு நடக்கும் பேச்சுகள் நமக்குத் தோது: கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரங்களில் இருமுறை சரிபாருங்கள். தூக்கம் முக்கியம் என்றால் யூடியூபில் பதிவு வரும்வரை காத்திருக்கலாம். ஆனால் கேள்வி நேரத்தைச் சில பதிவுகளில் வெட்டிவிடுகிறார்கள்.